ஒட்டித் திரும்பிய சீட்டு

பெண்டாட்டி எழுதி அனுப்பும் எந்தச் சீட்டையும் இனிமேல் தான் படித்ததாக வெளியே தெரியக்கூடாது என்று வைரக்கண்ணு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முடிவெடுத்தார். படிப்பதே இல்லை என்று முடிவெடுக்கவில்லை. அது அவரால் ஆகாது. வடை மடித்து வந்த காகிதத்தையே பிரித்து, எண்ணெய்க் கறைக்கு அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள். படிக்க வேண்டும், ஆனால் படித்தது தெரியக்கூடாது. இதைவிடச் சுகமான நிலை ஒரு மனுஷனுக்கு வாய்க்காது என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் வைரக்கண்ணு ஸ்டோர் கிளார்க். நட்டு, போல்ட்டு, பெல்ட்டு, கிரீஸ் டப்பா எதுவானாலும் அவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. வீட்டில் மட்டும் அவர் ஸ்டோர் ஆபீசர். அவர் மணியடித்தால் ஓடிவர ஒரு பியூன் இருப்பதாக மனைவி அமிர்தவல்லி நம்பிக்கொண்டிருந்தாள். ஆலையிலோ, அவர் செருமினால் வீட்டில் பெண்டாட்டி அடுப்படியிலேயே நடுங்கிப்போவாள் என்று அவரே கிளப்பிவிட்ட பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே சில மைல் ரோடு கிடந்ததால், இரண்டு புளுகும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் சௌக்கியமாக இருந்தன.

இந்தச் சீட்டு வழக்கம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக வருகிற கம்பெனி பஸ்ஸில் வைரக்கண்ணு ஏறிவிடுவார். அந்த நேரத்தில் அவர் காதில் எதைச் சொன்னாலும் நிற்காது. அதனால் அமிர்தவல்லி சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, நாலாக மடித்து, ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரின் மேல் மூடிக்குள் வைத்து அனுப்புவாள். தெருவில் பாதி வீட்டுக் கேரியர்களை சைக்கிளில் தொங்கவிட்டு ஆலைக்குக் கொண்டுபோகிறவன் சின்னதுரை. அடுத்தவர் கையில் இருக்கும் பேப்பரைத் தலைகீழாகவே படித்து முடிக்கிற ஆள் அவன். பருக்கை ஒட்டியது அவனுக்காகத்தான். சாப்பிட்டு முடித்த கேரியர் சாயங்காலத்துக்கு முன்பே சின்னதுரையோடு வீடு திரும்பிவிடும், வைரக்கண்ணு அதற்கு அப்புறம்தான் வருவார்.

சீட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வரும்போது மண்ணெண்ணெய் வாங்கி வரவும். மில்லில் மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறேன், எடுத்து வரவும். எறையூரிலிருந்து அண்ணன் வருகிறார், அரைக்கிலோ கறி எடுத்து வரவும். இப்படித்தான் இருக்கும். வைரக்கண்ணுவும் வருஷக்கணக்கில் ஒரு கையில் மாவு டின், ஒரு கையில் மண்ணெண்ணெய் கேன் என்று பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். ஆபீசர் கோலத்துக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று குளிர்பதன வசதியோடு ஒரு அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். கற்பூரம் மட்டும் காட்டக்கூடாது என்று மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு டி.வி. பெட்டியும் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகையும் கொடுத்தார்கள். மேனேஜர் தன் அறையில் இருந்தபடியே சேதி அனுப்புவார், அது ஸ்டோர் பெட்டியில் வந்து நிற்கும்.

நிற்பதோடு விட்டால் பரவாயில்லை. புதிதாக வந்த சேதிக்கு முன்னால் 'என்' என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். திறந்து படித்துவிட்டால் அது போய்விடும். யார் படித்தார், யார் படிக்கவில்லை என்பதை மெசேஜ் ரூம் என்று பேர் வைத்த அந்தக் குளிர் அறையில் இருந்துகொண்டே பார்த்துவிடலாம். ஒரே சேதியைப் பத்துப் பேருக்கு அனுப்பினாலும், அவரவர் பேருக்கு நேரே தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும் என்றார் இன்ஜினியர். குறி இருப்பது சேதியில் இல்லை, அதை வைத்திருக்கிற இயந்திரத்தில் என்றும் விளக்கினார். ஆலையில் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. தபால் கிடைக்கவில்லை, பியூன் சொல்லவில்லை, சார் லீவில் இருந்தேன் என்று தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த சாக்குகளெல்லாம் ஒரே நாளில் செத்துப்போயின.

நல்லவேளையாக அதே இன்ஜினியர் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தார். படித்த சேதியைப் பிறகு மறுபடி பார்க்க வேண்டுமென்றால், 'யு' என்று தட்டி அதைப் படிக்காத சேதியாக வைத்துக்கொள்ளலாம். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். ஒன்றாம் வாய்ப்பாட்டைத் தவிர வேறு கணக்கு ஏறாத ஸ்டோர்காரர்கள் இதை மட்டும் ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார்கள். மேனேஜர் சேதி வரும். எல்லாரும் கூடி நின்று படிப்பார்கள். வைரக்கண்ணு 'யு' தட்டுவார். மேனேஜர் பார்த்துவிட்டு, சேதி போய்ச் சேரவில்லை என்று இன்ஜினியரைக் கூப்பிட்டுத் திட்டுவார். இன்ஜினியர் ஒயர் ஒயராகப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை கேரியர் மூடியைத் திறந்து, மண்ணெண்ணெய் பற்றிய சீட்டைப் படித்தபோது வைரக்கண்ணுவின் மூளையில் இந்த 'யு' வந்து உட்கார்ந்தது. சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்தார். தயிர்சோற்றிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, பழைய இடத்திலேயே ஒட்டினார். மூடிக்குள் வைத்துக் கேரியரைப் பூட்டினார். சாயங்காலம் வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மண்ணெண்ணெய் எங்கே என்று அமிர்தவல்லி கேட்டதற்கு, எந்த மண்ணெண்ணெய் என்று கேட்டார். ஒட்டியது ஒட்டியபடி திரும்பிவந்த சீட்டை அவளே எடுத்துக்காட்டி, அடடா, நீங்கள் பார்க்கவே இல்லையா என்று வருத்தப்பட்டாள். மூடியை யார் பார்க்கிறார்கள், பசியில் சோற்றைத்தான் பார்ப்பேன் என்றார் அவர். அது நியாயமாகத்தான் அவளுக்கும் பட்டது.

அதன் பிறகு வைரக்கண்ணுவுக்குப் பொற்காலம். சீட்டுகள் போயின, ஒட்டியபடியே திரும்பின. கறி வரவில்லை, மச்சினன் ரசத்தைக் குடித்துவிட்டு எறையூர் பஸ் ஏறினார். மாவு டின்னை அமிர்தவல்லியே இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்ததை ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டம் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற வரைக்கும் இருந்தது.

அப்புறம் வந்தது அந்த அப்ளிகேஷன் சீட்டு. மெசேஜ் ரூமுக்கு டைப்பிங் தெரிந்த ஓர் ஆள் தேவை என்று ஆலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாமே, சின்னதுரை அண்ணன் சொன்னார், ஒரு ஃபாரம் வாங்கி வரவும் என்று அமிர்தவல்லி எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய்வந்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். அந்தச் சர்டிபிகேட் பட்டுப்புடவைக்கு அடியில் அந்துருண்டை வாசனையோடு படுத்திருந்தது. சமையல் முடிந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் விரல்கள் மடியில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த வேலை கிடைத்தால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பது வைரக்கண்ணுவுக்கும் தெரியும்.

ஆனால் மெசேஜ் ரூம் எது? ஸ்டோர்காரன் எதைப் படித்தான், எதைப் படிக்கவில்லை என்று பார்க்கிற ரூம். அது போதாதென்று, ஆபீசரின் பியூன் எங்கே என்று அவள் கேட்பாள். நடுங்குகிற பெண்டாட்டி எங்கே என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். வைரக்கண்ணு மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார். சீட்டை வழக்கத்தைவிட அழுத்தி ஒட்டி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "டைப் அடிக்கிறதெல்லாம் அந்தக் காலம், இப்ப அதுக்கு ஏது மதிப்பு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். அமிர்தவல்லி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சீட்டைப் பற்றி அவர் பேசவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

பத்து நாள் போல ஆகியிருக்கும். ஒருநாள் கேரியருக்குள் வந்த சீட்டு மொடமொடவென்று இருந்தது. நசநசவென்று வியர்க்கிற நாள். காலையெல்லாம் சாக்கு மூட்டை புரட்டி வைரக்கண்ணுவின் கை முழுக்கச் சிமெண்ட் தூசி. கையைக் கழுவப் போகும் முன்பே சீட்டைப் பிரித்துவிட்டார். உள்பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நல்ல காரியம் எழுதினால் மூலைக்கு மூலை மஞ்சள் வைப்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் படித்தார்.

கல்யாணம் இல்லை. ஃபாரத்தை சின்னதுரையிடம் சொல்லி வாங்கிப் போட்டுவிட்டேன், இண்டர்வியூவுக்கு வெள்ளிக்கிழமை வரச்சொல்லிக் கார்டு வந்திருக்கிறது. உங்களுக்கு இஷ்டம் இல்லை என்றால் இன்று ராத்திரிக்குள் சொல்லிவிடவும், நான் போகவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். இப்படிக்கு அமிர்தவல்லி.

வைரக்கண்ணு அதை மூன்று தடவை படித்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. ஆனால் சொல்ல வேண்டுமென்றால் சீட்டைப் படித்திருக்க வேண்டும். மூடிக்குள் இருப்பதையே பார்க்காத மனுஷன் இதை மட்டும் எப்படிப் பார்த்தான்? அந்தக் கேள்வி வந்தால் மண்ணெண்ணெயும் வரும், மாவும் வரும், மச்சினன் குடித்த ரசமும் வரும். கை கழுவுவதையும் மறந்து யோசித்துக்கொண்டே சாப்பிட்டார், சங்கு ஊதவும் அவசரமாகச் சீட்டை மடித்து ஒட்டினார். அன்றைக்கென்று பீட்ரூட் பொரியல். கை கழுவும்போது கட்டைவிரல் செக்கச்செவேலென்று இருந்தது. பீட்ரூட் சாயம் கையில் இவ்வளவு பிடிக்குமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

சீட்டைத் தொடாமல் விஷயத்தை மட்டும் கலைக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"இந்த ஆலை இருக்கே அமிர்தம், மனுசன் இருக்கிற எடமா அது. ஒரே தூசி. பொம்பளைங்களுக்கெல்லாம் ஆவவே ஆவாது."

"எந்தப் பொம்பளைங்க அங்க போவப்போறாங்க?"

"யாரும் போவல. பொதுவாச் சொன்னேன்."

"ஓ."

"அந்தக் கம்ப்யூட்டர் ரூமு வேற. உள்ள ஒரே குளிரு. போன வாரம் ஒருத்தருக்குச் சளி புடிச்சு எறங்கவே இல்ல."

"பாவம். ஏங்க, இன்னைக்கு கேரியர்ல ஒரு சீட்டு வச்சிருந்தேன். பாத்தீங்களா?"

வைரக்கண்ணுவின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பார்த்தேன் என்று சொன்னால் பெண்டாட்டி வேலைக்குப் போக மாட்டாள், ஆனால் அவர் மானம் போய்விடும். பார்க்கவில்லை என்றால் மானம் நிற்கும், பெண்டாட்டி வேலைக்குப் போய்விடுவாள். ரசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி நேரம் கடத்திப் பார்த்தார்.

"சீட்டா? இல்லையே" என்றார்.

"சரி, அப்ப ஒண்ணுமில்ல. படுங்க."

"என்ன விசயம்? முக்கியமா இருந்தா வாயால சொல்லேன்."

"எழுதுனதுதாங்க. எழுதுனதை யாராவது வாயால சொல்லுவாங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் இலையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஸ்ட்ரைக் வரவேண்டும் என்று வைரக்கண்ணு வேண்டிக்கொண்டார். வரவில்லை. மத்தியானத்துக்குள் ஆபீசிலிருந்து ஆள் வந்து, பர்சனல் ஆபீசர் அரங்கநாதன் சார் கூப்பிடுகிறார் என்றான். உள்ளே போனால், நாற்காலியில் அமிர்தவல்லி வெளியூர் போகிற புடவையோடு உட்கார்ந்திருந்தாள். வைரக்கண்ணு நின்றார். அந்த அறையில் ஸ்டோர் கிளார்க்குக்கு நாற்காலி கிடையாது.

அரங்கநாதன் மரியாதையான மனுஷர். உங்கள் மிஸ்ஸஸ் பிரமாதமாக டைப் அடிக்கிறார், வந்தவர்களில் இவர் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது என்றார். ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே இடத்தில் என்றால், நாளைக்கு நீங்களே எனக்குச் சம்மதமில்லை என்று வந்து நிற்கக்கூடாது பாருங்கள், அதனால்தான் கூப்பிட்டேன் என்றார். வைரக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. தொண்டையைச் செருமினார். யாரும் நடுங்கவில்லை.

"எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கலையே சார்" என்றார் வருத்தமாக.

"கேட்டேன் சார்" என்று அமிர்தவல்லி கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். "வேணாம்னா ராத்திரிக்குள்ள சொல்லுங்கன்னு எழுதி அனுப்புனேன். ஒண்ணும் சொல்லலை."

"நான் இதப் பாக்கவே இல்ல சார். ஒட்டுனபடி திரும்பிப் போயிருக்கும். கேட்டுப் பாருங்க."

"ஒட்டுனபடிதான் சார் வந்துச்சு" என்று அவள் ஒப்புக்கொண்டாள். "நல்ல சேதின்னு உள்பக்கம் மூலைக்கு மூலை மஞ்ச தடவி வச்சேன். திரும்பி வந்து பிரிச்சா இப்படி இருக்கு."

அரங்கநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கீழ் மூலைகள் மஞ்சளாகவே இருந்தன. மேல் மூலை இரண்டிலும் ரேகை ரேகையாக, ஆரத்தித் தட்டு நிறத்தில், கட்டைவிரல் பதிந்திருந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்ட் தூசியும் சுண்ணாம்புக்குப் பங்காளிதான் என்பது அந்த ஆலையில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

"சின்னதுரை எடுத்துப் பாத்திருப்பான் சார்" என்றார் வைரக்கண்ணு. "அவன் எதையும் விடமாட்டான்."

"சின்னதுரைண்ணன் கேட்டுக்கு வெளியில கேரியரக் குடுத்துட்டு வந்துடுறவரு சார். அவரு கையில ஏது சிமெண்டு?"

அரங்கநாதன் சீட்டைப் பார்த்தார், வைரக்கண்ணுவின் கையைப் பார்த்தார். அந்தக் கை அப்போதும் சாம்பல் பூத்துத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"இந்தம்மா சொல்றது இருக்கட்டும். வேற யாரோ உங்க வூட்டுச் சீட்டப் பிரிச்சுப் படிச்சாங்கன்னா அது பெரிய விசயம், செக்யூரிட்டியக் கூப்புட்டு விசாரிக்கணும். எல்லார் விரலையும் பாக்கணும். கூப்புடட்டுமா?"

"வேணாம் சார்."

"அப்ப நீங்க படிச்சீங்களா?"

வைரக்கண்ணு ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வரிசையில் தன் முறை வரக் காத்துக்கொண்டிருந்தது. அதில் ஏறி எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

"படிச்சேன் சார்" என்றார்.

"வேணாம்னு சொன்னீங்களா?"

"சொல்லல சார்."

"அப்ப சம்மதம்" என்று அரங்கநாதன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வந்து சேரச்சொல்லி அமிர்தவல்லியிடம் ஆர்டரைக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வாங்கினபோது அவள் முகத்தைப் பார்த்த வைரக்கண்ணுவுக்கே, நாம் எதற்கு இத்தனை நாள் குறுக்கே நின்றோம் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே பஸ்ஸில் திரும்பினார்கள். அமிர்தவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஆர்டரை வைத்து, அதன் மேல் விரல்களைத் தட்டிக்கொண்டு வந்தாள். பியூனைப் பற்றி அவள் கேட்கவில்லை, மாவைப் பற்றிக் கேட்கவில்லை, கோபத்தைக்கூடக் காட்டவில்லை. அதுதான் வைரக்கண்ணுவை வதைத்தது. திட்டிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். கேட்காமல் வைத்திருந்தால் என்றைக்கு எடுப்பாள் என்று யாருக்குத் தெரியும்? இவ்வளவு தூரம் தெரிந்துகொண்டு, மண்ணெண்ணெய்க்காக ஒரு வார்த்தை கடிந்து பேசாத பெண்பிள்ளையை நினைத்து அவருக்கு நெஞ்சு இளகிப்போய்விட்டது. பேசித் தீர்த்துவிடுவது ஆண்பிள்ளைக்கு அழகு என்று நினைத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அமிர்தம், ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லு. இதுக்கு முன்னாடி நீ அனுப்புன சீட்டையெல்லாம் நான் படிச்சுட்டுத்தான் ஒட்டி அனுப்புனேங்கிறது உனக்கு எப்பலேந்து தெரியும்?"

அமிர்தவல்லி ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இப்பலேந்துங்க."